வினை கடைசியில் வரும் கட்டளைமொழி: ஓப்பன் ஃபர்ம்வேர் பழகுதல்

கணினியின் மின்விசையை அழுத்தியதும் செயலி இயங்குதளத்தை உடனே தேடிப் போவதில்லை. தாய்ப்பலகையில் உள்ள ஒரு சிறிய சில்லில் எழுதி வைக்கப்பட்டிருக்கும் ஃபர்ம்வேர் என்ற நிரலையே அது முதலில் இயக்குகிறது. நினைவகத்தைச் சோதிப்பதும், இணைக்கப்பட்ட கருவிகளைக் கண்டறிவதும், இயங்குதளத்தை எந்த வட்டிலிருந்து ஏற்றுவது என்று முடிவு செய்வதும் அதன் பணிகள். பெரும்பாலான கணினிகளில் இவை நம் கண்ணுக்குப் படாமலே சில நொடிகளில் முடிந்துவிடும். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தின் ஸ்பார்க் கணினிகளிலோ, ஸ்டாப் விசையையும் ஏ விசையையும் சேர்த்து அழுத்தினால் ஓடிக்கொண்டிருக்கும் இயங்குதளம் அப்படியே நின்று, ‘ஓகே’ என்ற சொல் திரையில் தோன்றி, நம் கட்டளைக்காகக் காத்திருக்கும். ‘கோ’ என்று தட்டினால் விட்ட இடத்திலிருந்து வேலை தொடரும்.

அந்தச் சொல்லுக்குப் பின்னால் இருப்பது ஃபோர்த் என்ற முழுமையான நிரல்மொழி. சார்ல்ஸ் மூர் உருவாக்கிய இம்மொழி, 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கிட் பீக் மலையிலுள்ள ரேடியோ தொலைநோக்கியை இயக்கப் பயன்பட்டது. மிகக் குறைந்த நினைவகத்தில் அடங்கிவிடும் என்பதால், சன் நிறுவனத்தில் பணியாற்றிய மிட்ச் பிராட்லி அதையே தம் ஃபர்ம்வேருக்கு அடித்தளமாகக் கொண்டார். 1994இல் அது, பொறியாளர் அமைப்பான ஐஇஇஇ வகுத்த ஐஇஇஇ 1275 என்ற தரமாக, ஓப்பன் ஃபர்ம்வேர் என்ற பெயரில் வெளியாயிற்று. பவர்பிசி செயலி கொண்ட மேக் கணினிகளும், பள்ளிக் குழந்தைகளுக்கென உருவாக்கப்பட்ட எக்ஸ்ஓ மடிக்கணினியும் இதைப் பயன்படுத்தின.

புதிதாகப் பழகுபவரைத் திகைக்க வைப்பது இதன் சொல்வரிசை. இரண்டையும் மூன்றையும் கூட்டி விடையைப் பெற,

2 3 + .

என்று ஒவ்வொன்றுக்கும் இடையே இடம் விட்டுத் தட்ட வேண்டும். எண்கள் தட்டத் தட்ட ஸ்டாக் எனப்படும் அடுக்கில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி அமர்கின்றன. அடுக்குப் பானையைப் போல, மேலே இருப்பதை எடுத்தால்தான் கீழே இருப்பது கைக்கு வரும். கூட்டல் குறி மேலே உள்ள இரண்டு எண்களை எடுத்து, அவற்றின் கூட்டுத்தொகையைத் திரும்ப வைக்கிறது. புள்ளி அதை எடுத்துத் திரையில் காட்டுகிறது. வினைச்சொல்லை முன்னே வைத்துப் பேசும் மொழியினருக்கு இது தலைகீழாகத் தோன்றக்கூடும். ஆனால் ‘இரண்டையும் மூன்றையும் கூட்டிக் காட்டு’ என்று தமிழில் சொல்லிப் பாருங்கள்; வரிசை ஓரிடத்தில்கூட மாறவில்லை. செயப்படுபொருள் முன்னும் வினை பின்னுமாக வாக்கியம் அமைக்கும் நமக்கு இந்த மொழி எளிதில் வசப்பட வேண்டும் என்றே நான் கருதுகிறேன். எண் எதுவும் தராமல் கூட்டல் குறியை மட்டும் தட்டினால், அடுக்கில் எடுக்க ஒன்றுமில்லை என்ற பிழைச்செய்தி வரும். ‘கூட்டு’ என்று மட்டும் சொன்னால் ‘எதை?’ என்று நாம் கேட்பதற்கு அது ஒப்பாகும்.

எல்லாச் சொற்களும் இவ்வழியில் நடப்பதில்லை. இயங்குதளத்தை ஏற்றும் ‘பூட்’ என்ற சொல் தனக்குப் பின்னால் வருவதைப் படித்துக்கொள்ளும். ஆகவே ‘பூட் நெட்’ என்றால் வலையமைப்பிலிருந்து ஏற்று என்று பொருள்.

இம்மொழியின் உண்மையான வலிமை, புதிய சொற்களை நாமே ஆக்கிக்கொள்ள முடிவதில் இருக்கிறது. முக்காற்புள்ளியில் தொடங்கி அரைப்புள்ளியில் முடியும் ஒரே வரி போதும். ஆங்கில எழுத்துகளில் தட்ட வேண்டியதைத் தமிழ் ஒலிப்பில் எழுதினால்,

: வர்க்கம் டூப் * ;

என்பது வர்க்கம் காணும் சொல். ‘டூப்’ மேலே உள்ள எண்ணுக்கு ஒரு படி எடுக்கிறது. பெருக்கல் குறி இரண்டையும் பெருக்குகிறது. இனி ‘5 வர்க்கம் .’ என்று தட்டினால் 25 வரும் என்று எதிர்பார்ப்போம், வருவதோ 19. பிழை ஏதுமில்லை. ஃபர்ம்வேர் வழக்கமாகப் பதினாறடிமான எண்களில் பேசுகிறது. ஒரு பதினாறும் ஒன்பதும் சேர்ந்த 25 அங்கே 19 என எழுதப்படும். ‘டெசிமல்’ என்ற சொல்லைத் தட்டிய பிறகு நமக்குப் பழகிய 25 கிடைக்கும்.

இதைப் பழகப் பழைய கணினி தேவையில்லை. வேறு கணினிகளைப் போல நடிக்கும் கியூஇஎம்யூ என்ற இலவச மென்பொருளின் பவர்பிசி கணினியை வட்டு எதுவும் இணைக்காமல் தொடங்கினால், ஓப்பன்பயாஸ் என்ற ஃபர்ம்வேர் ‘0 >’ என்று காத்திருக்கும். அந்தச் சுழியம் அடுக்கில் உள்ள எண்களின் எண்ணிக்கை; மூன்று எண்களை ஏற்றினால் அது ‘3 >’ ஆகிவிடும். உண்மைக் கணினியில் ‘செட்என்வி’ கொண்டு மாற்றும் அமைப்புகள் மின்சாரம் நின்றாலும் அழியாமல் இருப்பவை என்பதால், அவற்றைத் தொடும் முன் ‘பிரின்ட்என்வி’ காட்டும் பழைய மதிப்புகளைத் தாளில் குறித்துக்கொள்வது நல்லது.

‘ஷோ-டெவ்ஸ்’ என்று தட்டினால், செயலி முதல் வட்டு வரை கணினியிலுள்ள அனைத்தும் ஒரு மரத்தின் கிளைகளாக வரிசைப்படும். இந்தக் கருவிமரம் ஓப்பன் ஃபர்ம்வேரைக் கடந்தும் வாழ்கிறது. லினக்ஸ் இயங்குதளம் அதைப் பவர்பிசி கணினிகளில் ஏற்று, பின்னர் ஆர்ம் செயலிகளுக்கும் கொண்டுசென்றது. ராஸ்பெரி பை கணினியில் ‘ப்ராக்’ அடைவுக்குள் ‘டிவைஸ்-ட்ரீ’ என்ற அடைவைத் திறந்தால், ஒவ்வொரு கருவியும் தனக்குப் பொருந்தும் இயக்கி மென்பொருளை அறிவிக்கும் ‘கம்பேட்டிபிள்’ என்ற பண்பைக் காணலாம்; 1275 தரத்தில் வகுக்கப்பட்ட அதே பெயரில், அதே பொருளில் அது இன்றும் இருக்கிறது.