டெக்சாஸ்ல நாம கட்டுற ஸ்கூல் டாக்ஸ் எங்க போகுது?

டல்லாஸ் பக்கத்துல ஒரு ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்டோட, அதாவது ஒரு ஏரியாவோட அரசுப் பள்ளிகள நடத்துற அமைப்போட, பட்ஜெட் ஆபீஸ்ல வேலை பாக்குறேன். வீடு வாங்குன நம்மாளுங்க பாதி பேர் ப்ராபர்ட்டி டாக்ஸ் பில்ல கையில வச்சுக்கிட்டு என்கிட்ட கேக்குறது இதைத்தான், இவ்ளோ கட்டுறோம், டீச்சருக்கு சம்பளம் ஏத்த காசு இல்லங்கிறீங்க, ஸ்டேடியம் மட்டும் எப்படி கட்டுறீங்க?

அந்த பில்லுல ஸ்கூலுக்குன்னு போட்டிருக்குற ரேட்டுக்குள்ள ரெண்டு ரேட் இருக்கு. எம் அண்ட் ஓ தினசரி செலவுக்கு, அதாவது சம்பளம், கரண்ட், பஸ் டீசல். ஐ அண்ட் எஸ், ஸ்டேடியம் மாதிரி கட்டடங்களுக்காக ஜனங்க ஓட்டுப் போட்டு ஒத்துக்கிட்ட பாண்ட் கடன அடைக்க மட்டும்தான், அதுலேர்ந்து சம்பளத்துக்கு ஒரு டாலர்கூட எடுக்க சட்டத்துல இடமில்ல.

வீட்டு விலை ஏறுனா ஸ்கூலுக்கு காசு கொட்டும்னு நினைக்கிறாங்க, அதுவும் அப்படி இல்லைங்க. ஒரு பிள்ளைக்கு இவ்ளோன்னு ஸ்டேட் ஒரு கணக்கு வச்சிருக்கு, உள்ளூர் டாக்ஸ் கூடுனா ஸ்டேட் தர்ற பங்கு குறையும், கணக்குக்கு மேல போனா மிச்சத்த ஸ்டேட்டே எடுத்துக்கும், 1993லேர்ந்து இதுதான் நடைமுறை, ராபின் ஹூட்னு சொல்லுவாங்க. ஒரு பிள்ளைக்கு வருஷத்துக்கு அடிப்படைத் தொகை 2019ல 6,160 டாலர், 2025ல தான் 55 டாலர் ஏறுச்சு. நடுவுல பால் விலை, இன்சூரன்ஸ் எல்லாம் எவ்ளோ ஏறுச்சுன்னு உங்களுக்கே தெரியும்.

முக்கியமான விஷயம், அந்தத் தொகை அட்மிஷன் போட்ட பிள்ளைங்கள எண்ணி வர்றதில்ல, வகுப்புக்கு வந்த பிள்ளைங்கள எண்ணி வருது. தினமும் ஒரு குறிப்பிட்ட நேரத்துல அட்டெண்டன்ஸ் எடுக்குறதுதான் கணக்கு. ஒரு நாள் லீவுன்னா சுமாரா 35 டாலர் போச்சு, ஆனா டீச்சர் சம்பளமும் பஸ் செலவும் அப்படியேதான் இருக்கு. ஜனவரி முதல் வார ஷீட்ட திறந்தா எனக்கு மனசே கஷ்டமா இருக்கும், ஊருக்குப் போன பிள்ளைங்க பேருக்கு நேரா வரிசையா ஆப்சென்ட். கல்யாணம் காதுகுத்துக்குப் போகாதீங்கன்னு சொல்லல, டிக்கெட் போடும்போது ஸ்கூல் காலண்டர ஒரு தடவ பாருங்க. பல் டாக்டர்கிட்ட போற அன்னைக்கு முழு நாள் லீவு போட வேணாம், முன்னாடியோ பின்னாடியோ வகுப்புக்கு அனுப்பி டாக்டர் சீட்டு குடுத்தா அன்னைக்கு பிரசென்ட்டாவே எண்ணுவாங்க.

டாக்ஸ் ரேட்டையும் பட்ஜெட்டையும் முடிவு பண்றது ஸ்கூல் போர்டு, பெரும்பாலும் 7 பேர், நாம தேர்ந்தெடுக்குறவங்க, சம்பளம் கிடையாது. ஹெச்1பி விசால இருந்தா ஓட்டு இல்ல, ஆனா பட்ஜெட் ஹியரிங்ல பேர் குடுத்து தாராளமா பேசலாம். எங்களுக்கு ஜூன்ல நடக்கும், சில டிஸ்ட்ரிக்ட்ல ஆகஸ்ட். போன தடவ பேசினது ரெண்டே பேருங்க, ரெண்டு பேரும் ரிட்டயர்டு டீச்சருங்க.