தானெழு சறுக்கூர்தி: பெயரும் மின்னேற்றமும்

பெரும்பாலும் எஞ்சின் விசை இல்லாமலே பறக்கும் விமானமான கிளைடரைத் தமிழில் மிதவை வானூர்தி என்றும் எழுதுகிறார்கள், சறுக்கு வானூர்தி என்றும் எழுதுகிறார்கள். எனக்கு இரண்டாவதுதான் சரியாகப் படுகிறது. மிதப்பது பலூன். கிளைடரோ சுற்றியுள்ள காற்றை வைத்துப் பார்த்தால் எப்போதும் கீழ்நோக்கிச் சறுக்கிக்கொண்டேதான் இருக்கும், அந்தக் காற்றே அதைவிட வேகமாக மேலே எழுகிற இடத்தில்தான் அதுவும் உயரும். சுருக்கிச் சறுக்கூர்தி எனலாம்.

சாதாரணமாக இதை இன்னொரு விமானம் கயிறு கட்டி இழுத்துப் போக வேண்டும், இல்லையென்றால் தரையிலிருந்து வின்ச் என்கிற கயிறு சுருட்டும் பொறி இழுக்க வேண்டும். அந்தத் துணை இல்லாமல் தன் மோட்டாரிலேயே கிளம்புவதுதான் செல்ஃப் லாஞ்ச். 'சுய ஏவல்' என்றால் ராக்கெட் ஞாபகம் வருகிறது, 'தானெழு' போதும். ஜெர்மனியின் அன்டாரெஸ் 20இ, ஸ்லோவேனியாவின் டாரஸ் எலக்ட்ரோ இரண்டும் தானெழு மின்சறுக்கூர்திகள், அதாவது பேட்டரி மோட்டாரில் கிளம்புபவை. வானத்தில் உயரம் குறையும்போது தாங்கிப் பிடிக்க மட்டும் மோட்டார் வைத்தவையும் உண்டு, அவற்றுக்கு இந்தப் பெயர் பொருந்தாது.

அப்புறம் சார்ஜ். இந்தச் சொல்லின் வேர் லத்தீனில் வண்டியைக் குறிக்கும் 'கார்ருஸ்'. அதிலிருந்து வண்டியில் பாரம் ஏற்றுவது என்ற பொருள் வந்து, பிறகுதான் மின்சாரத்துக்கு வந்தது. நாமும் வண்டியில் மூட்டையை 'ஏற்று' என்றுதானே சொல்கிறோம்! அதனால் மின்னேற்றம் வெறும் மொழிபெயர்ப்பு இல்லை, அதே படிமம் தமிழிலும் இயல்பாக இருக்கிறது. ரீசார்ஜுக்கு 'மீள்மின்னேற்றம்' என்று நீட்ட வேண்டியதில்லை, 'மறுபடி மின்னேற்று' என்றாலே புரியும்.

எவ்வளவு ஏற்ற வேண்டும்? 500 கிலோ ஊர்தியை 600 மீட்டர் உயர்த்த அடிப்படைக் கணக்கில் சுமார் 0.8 கிலோவாட் மணி வரும். புரொப்பெல்லரிலும் மோட்டாரிலும் பாதி வீணாகிறது என்று வைத்தாலும் 1.6தான், 2 கிலோவாட் சார்ஜர் இருந்தால் ஒரு மணி நேரத்துக்குள் ஏறிவிடும். அன்டாரெஸில் பேட்டரி இறக்கைக்குள்ளேயே இருப்பதால் ஊர்தியிலேயே ஒயரைச் செருக வேண்டும். வேறு சிலவற்றில் பேட்டரியைக் கழற்றி அறைக்குள் கொண்டுபோய் ஏற்றலாம். குளிர்காலத்தில் இந்த இரண்டாவது வகைதான் வசதி, ஏனென்றால் 0 டிகிரிக்குக் கீழே இருக்கும் லித்தியம் பேட்டரியில் மின்னேற்றினால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து பேட்டரி கெடும். குளிர் விட்ட பிறகு ஏற்றுங்கள்.