பத்துக்கு எத்தனை வலி?

கத்திரி வெயில் நாட்கள். நள்ளிரவு ஒன்றரை மணிக்கு இடது விலாவுக்குக் கீழே சுருட்டிப் பிடித்தது. வடபழனியிலிருந்து மைத்துனர் ஆட்டோவில் அள்ளிப்போட்டுக்கொண்டு போய் ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் சேர்த்தார். “பத்துக்கு எத்தனை சார் வலி?” என்றார் சிஸ்டர். ஒன்பது என்றேன். குறித்துக்கொண்டு போனார். நாற்பது நிமிடம் யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

விடிந்து வீட்டுக்குக் கிளம்பும்போதும் வலி நான்கில் நின்றது. ஆனாலும் கருத்துப் படிவத்தில் ‘மிகவும் திருப்தி’ என்ற கட்டத்தில் டிக் அடித்தேன். பாதி வலியை மூட்டை கட்டிக்கொண்டு போகிறவனுக்குத் திருப்தி எங்கிருந்து வந்தது?

முதலில் வலி. எனக்கு வந்தது சிறுநீரகக் கல் வலி. சிறுநீரகத்திலிருந்து இறங்கும் குழாயின் அகலம் மூன்று, நான்கு மில்லிமீட்டர்தான். அதைக் கல் அடைத்தால் சிறுநீர் தேங்கி அழுத்தம் ஏறுகிறது. உடனே சிறுநீரகத்தில் புராஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள் சுரக்கிறது. அது ரத்த ஓட்டத்தைக் கூட்ட, சிறுநீர் இன்னும் ஊறுகிறது. அழுத்தம் மேலும் ஏறுகிறது. அடைத்துக்கொண்ட தொட்டியில் யாரோ குழாயையும் திறந்துவிட்ட கதை. டைக்ளோஃபினாக் என்ற வலி ஊசி அந்தச் சுரப்பையே தடுக்கிறது.

கல் வலிக்காரர் நெளிந்து புரளுவார். குடல்வால் வெடித்தவரோ அசையாமல் கிடப்பார். ‘ஒன்பது’ என்ற எண்ணில் இந்த வேறுபாடு ஏறாது. குத்தல், குடைச்சல், கடுப்பு, விண்விண்ணென்று தெறிப்பது என்று நம் வாய்க்கு வருவதைக் காதுகொடுத்துக் கேட்டால் மருத்துவருக்குப் பாதி வேலை மிச்சம் என்பது என் கட்சி.

நாற்பது நிமிடத்துக்குப் பிறகு வேறொரு சிஸ்டர் வந்தார். ஊசியைக் காட்டி, “இது கல் வலிக்கு சார். அரை மணியில் குறையும். குறையாவிட்டால் வேறு மருந்து இருக்கிறது, நானே வந்து கேட்கிறேன்” என்றார். சொன்னபடி வந்தார்.

இதை வெறும் ஆறுதல் என்று தள்ளிவிட முடியாது. வலிச் செய்தி தண்டுவடத்தில் ஒரு கதவைத் தாண்டித்தான் மேலே போகிறது என்று 1965இல் மெல்சாக், வால் என்ற வலி ஆய்வாளர்கள் இருவரும் முன்வைத்தார்கள். அந்தக் கதவை மூளையும் சாத்தலாம். 1978இல் கலிபோர்னியாவில், பல் பிடுங்கப்பட்டவர்களுக்கு மருந்தே இல்லாத ஊசி போட்டார்கள். சிலருக்கு வலி குறைந்தது. மார்ஃபின் வகை வலிநீக்கி மருந்துகளை முறிக்கும் நலோக்சோனைக் கொடுத்ததும் அவர்களுக்கு வலி மீண்டும் ஏறியது. ஆக, குறையும் என்ற எதிர்பார்ப்பிலேயே உடல் தன் சொந்த மார்ஃபினைச் சுரந்திருக்கிறது. என்ன நடக்கிறதென்று தெரியாமல் கிடப்பவனுக்கு நடப்பது இதற்கு நேர்மாறு. பயம் வலியைப் பெருக்குகிறது.

அவசரப் பிரிவு ஆய்வுகளிலும் வலி எத்தனை எண் இறங்கியது என்பதற்கும் திருப்திக்கும் நெருக்கம் குறைவாகவே தென்படுகிறது. விரைவாகக் கவனித்தார்களா, விளக்கினார்களா என்பவை அதைவிடக் கனமாக நிற்கின்றன.

நினைவுக்கும் இதில் பங்கு உண்டு. மருத்துவர் ரெடல்மையர், உளவியலாளர் கானமன் இருவரும் 1996இல் வெளியிட்ட ஆய்வில், குடல் உள்நோக்கிப் பரிசோதனை செய்துகொண்டவர்களோடு அதிர்வலையால் சிறுநீரகக் கல் உடைத்துக்கொண்ட 133 பேரும் இருந்தார்கள். வலி எவ்வளவு நேரம் நீடித்தது என்பது அவர்கள் மனத்தில் அவ்வளவாகப் பதியவில்லை. உச்சமும் கடைசிச் சில நிமிடங்களுமே பதிந்தன.

படிவத்தை எனக்கு நீட்டியதும் அந்தக் கடைசிச் சில நிமிடங்களில்தான். நாற்பதாவது நிமிடத்தில் நீட்டியிருந்தால் பேனாவையே முறித்திருப்பேன்.