'பூச்சி வெடிப்பு' எங்கிருந்து வந்தது?

காட்டு மரங்களைத் தாக்கும் பூச்சிகளைப் பற்றிய தமிழ்த் துண்டுப்பிரசுரங்களில் 'பூச்சி வெடிப்பு' விடாமல் தலைகாட்டுகிறது. பூச்சி அளவுமீறிப் பெருகுவதைச் சொல்லும் ஆங்கில அவுட்பிரேக் (outbreak) என்பதன் பின்பாதியை மட்டும் பிடித்துப் பெயர்த்த வேலை. இலங்கை மலையகத்தில் வெடிப்பு என்றால் நிலத்திலும் சுவரிலும் விழுவது, மண்சரிவின் முன்னறிகுறி. அடைமழையில் 'மலையில் வெடிப்பு' என்று பதுளைப் பக்கம் எழுதி ஒட்டினால் சனம் லயக் குடியிருப்பைக் காலிசெய்யும். புழுவை யாரும் தேடாது.

பொருளும் பிழை. வெடிப்பது நொடியில் முடியும்; பூச்சி தலைமுறை தலைமுறையாக ஏறும். கிழக்குக் கனடாவில் ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரத்தைத் தின்னும் மொட்டுப்புழுவுக்கு 2014 முதல் நடக்கும் தொடக்கநிலை மருந்தடிப்பு இந்த ஏற்றத்தை நம்பியது. கிளைகளை வெட்டி, குளிர்காலத்தில் பட்டுக்கூட்டுக்குள் ஒடுங்கும் இரண்டாம் பருவப் புழுக்களை எண்ணுகிறார்கள். கிளைக்கு 7 புழு வந்தாலே, அடுத்த கோடையின் தொடக்கத்தில் அந்தத் திட்டுக்கு மட்டும் விமானத்தில் மருந்து. புழுக்கள் வளர்ந்து ஆகும் அந்துப்பூச்சிகள் அருகிவிட்டால் இணை கிடைப்பது கடினம். மிச்சத்தை ஒட்டுண்ணிகள் பார்த்துக்கொள்ளும். முற்றியபின் அடித்தால் அவ்வருட இலை தப்பும், அவ்வளவுதான்.

தூய்மைவாதிகள் 'கொள்ளைப் பெருக்கம்' என்கிறார்கள். கொள்ளைநோயின் சாயல், உச்சத்தை மட்டும் சொல்லும், ஏறுவதைச் சொல்லாது. பெருகு, பெருக்கு, பெருக்கெடு என்று ஆற்றுக்கே சொல் இருக்கும்போது புதிதாக ஏன் கட்ட வேண்டும்? பெருக்கெடுப்பு போதும். அதற்கு முந்தைய நிலைக்குத் தோட்டத்துப் பேச்சே உண்டு: 'புழு விழுந்திருச்சு.' மருந்துக்குரிய நேரம் அதுதான்.

வினையாகவும் சரியாக உட்காரும். 1930களில் ஜாவாவிலிருந்து இலங்கைக்குக் கொண்டுவந்த மக்ரோசென்ட்ரஸ் என்ற ஒட்டுண்ணிக் குளவி தேயிலைச் சுருட்டுப்புழுவை அடக்கி வைத்திருந்தது. பிறகு தேயிலைத் தண்டைக் குடையும் துளைவண்டுக்கு அடித்த டீல்ட்ரின் மருந்து குளவியையும் கொன்றது, சுருட்டுப்புழு பெருக்கெடுத்தது. 'வெடித்தது' என்றால் காரணமே காணாமல் போகும்.

பூச்சி மருந்துக்கு வைக்கும் 'கிருமிநாசினி' என்ற பெயரையும் விட்டுவைக்க முடியாது. வடமொழியில் கிருமி புழுதான். இன்று ஆஸ்பத்திரியில் துடைத்தெடுப்பது. மொட்டுப்புழுவுக்கு அடிக்கும் பி.டி. (Bt) மருந்தோ பேசிலஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற பாக்டீரியா. கிருமியே மருந்தாக இருக்க, பெயர் கிருமிநாசினியாம்! பூச்சிக்கொல்லி என்று எழுதுங்கள். கூடவே, இது பட்டதும் கொல்லாது, புழு இலையோடு தின்ன வேண்டும், சாகச் சில நாள் ஆகும், மழை கழுவிவிடும் என்றும் சேருங்கள். மொழிபெயர்ப்பாளர்கள் வழக்கமாக விட்டுவிடுவது இந்த வரியைத்தான். மறுநாளே புழு உயிரோடிருப்பதைக் கண்டு இன்னொரு தடவை அடிப்பது அதனால்தான்.