பேரிடருக்குப் பின் 401(கே) பணத்தை எடுத்தவர்களுக்கு: 10 சதவீதக் கூடுதல் வரியிலிருந்து விலக்குப் பெறும் வழி

ஹூஸ்டனில் புயல், லாஸ் ஏஞ்சலஸில் காட்டுத்தீ, ஃபுளோரிடாவில் வெள்ளம் என்று எது வந்தாலும் காப்பீட்டுப் பணம் கைக்கு வர மாதங்கள் ஆகின்றன. அதற்குள் ஓட்டல் வாடகை, புது வீட்டு முன்பணம், காப்பீட்டில் நம் பங்குத் தொகை என்று செலவு நெரிக்கும். அமெரிக்காவில் பணிபுரியும் நம் குடும்பங்கள் பலவற்றுக்கு அப்போது கையில் இருக்கும் ஒரே பெரிய தொகை ஓய்வுக்காலச் சேமிப்புதான்: நிறுவனம் வழியாகச் சேரும் 401(கே) அல்லது தனிநபராகத் தொடங்கும் ஐஆர்ஏ கணக்கு. வயது 59½ ஆகும் முன் அதை எடுத்தால் வழக்கமான வருமான வரியோடு 10 சதவீதம் கூடுதலாகக் கட்ட வேண்டும். 18,000 டாலர் எடுத்தவருக்கு அது 1,800 டாலர்.

இந்த 1,800 டாலரைத் தள்ளுபடி செய்யச் சொல்லி அமெரிக்க வரித்துறையான ஐஆர்எஸ்ஸுக்கு உருக்கமாகக் கடிதம் எழுதுபவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கடிதத்தால் பலன் இல்லை. தாமதமாக ரிட்டர்ன் தாக்கல் செய்ததற்கான அபராதத்தை நியாயமான காரணம் காட்டிக் குறைக்கச் சொல்லலாம். இந்த 10 சதவீதமோ, நாம் பேச்சுவழக்கில் அபராதம் என்று சொன்னாலும், சட்டத்தின் 72(டி) பிரிவின்படி கூடுதல் வரி. அதைத் தள்ளுபடி செய்யும் அதிகாரம் கடிதத்தைப் படிக்கும் அதிகாரிக்குக் கிடையாது. பணக்கஷ்டம் மட்டுமே விலக்குக்குக் காரணம் ஆகாது என்று வரி நீதிமன்றமும் பலமுறை தீர்ப்பளித்திருக்கிறது. சட்டத்தில் எழுதியிருக்கும் விலக்குகளில் ஒன்றுக்குள் நாம் வந்தாக வேண்டும்.

அப்படி ஒரு விலக்கு இருக்கிறது. கத்ரீனா புயல் காலம் தொட்டு, பெரிய பேரிடர்களுக்கு அமெரிக்கக் காங்கிரஸ் அவ்வப்போது தனிச் சட்டம் போட்டு இந்தச் சலுகையைத் தந்துவந்தது. 2022 டிசம்பர் 29 அன்று அதிபர் கையெழுத்திட்ட செக்யூர் 2.0 சட்டம் அதை நிரந்தரமாக்கியது. 2021 ஜனவரி 26 முதல் நிகழ்ந்த பேரிடர்களுக்கு இது பொருந்தும். ஒரு பேரிடருக்கு ஒருவர் 22,000 டாலர் வரை 10 சதவீத வரி இல்லாமல் எடுக்கலாம். எல்லாக் கணக்குகளையும் சேர்த்துத்தான் இந்த வரம்பு. கணவன், மனைவி இருவரும் பாதிக்கப்பட்டு, அவரவர் கணக்கிலிருந்து எடுத்தால் ஆளுக்கு 22,000. இதற்கான 8915-எஃப் படிவமும் ஆளுக்கு ஒன்று.

யாருக்குக் கிடைக்கும்

மூன்று நிபந்தனைகள் ஒன்றாக நிறைவேற வேண்டும். முதலாவது, குடியரசுத் தலைவர் அதைப் 'பெரும் பேரிடர்' என்று அறிவித்திருக்க வேண்டும். மத்தியப் பேரிடர் மேலாண்மை முகமையான ஃபீமாவின் இணையதளத்தில் அதன் எண் 'டிஆர்' என்று தொடங்கும். 'இஎம்' என்று தொடங்குவது அவசரநிலை அறிவிப்பு; அது மட்டும் போதாது. புயல் வருவதற்கு முன்பே இஎம் அறிவிப்பு வந்துவிடுவதால், அந்த எண்ணைப் பார்த்துத் தகுதி இருப்பதாக நினைத்துவிடுகிறார்கள்.

இரண்டாவது, பேரிடர்க் காலத்தின் ஏதாவது ஒரு நாளிலாவது உங்கள் முதன்மை வீடு அறிவிக்கப்பட்ட பகுதிக்குள் இருந்திருக்க வேண்டும். சொந்த வீடாக இருக்க வேண்டியதில்லை, வாடகை வீடும் சேரும். ஆனால் நியூ ஜெர்சியில் குடியிருந்துகொண்டு ஹூஸ்டனில் வாடகைக்கு விட்ட வீடு மூழ்கியது என்றால் இந்தச் சலுகை இல்லை.

மூன்றாவது, அந்தப் பேரிடரால் உங்களுக்குப் பொருளாதார இழப்பு நேர்ந்திருக்க வேண்டும். இதைக் குறுகலாகப் புரிந்துகொள்ள வேண்டாம். வீடு, கார், தட்டுமுட்டுச் சாமான் சேதம் மட்டுமல்ல. வீட்டை விட்டு வெளியேறித் தங்கிய செலவும், நிறுவனம் மூடியதால் தற்காலிகமாகவோ நிரந்தரமாகவோ வேலை போனதும் இழப்புதான். எடுத்த தொகை இழப்பின் தொகைக்குச் சரியாகப் பொருந்த வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

இவற்றோடு ஒரு காலக்கெடுவும் உண்டு. பேரிடர் தொடங்கிய நாளிலிருந்து எடுத்த பணம் கணக்கில் வரும். முடிவு நாளைக் கணக்கிட, பேரிடர் தொடங்கிய தேதி, அறிவிப்பு வந்த தேதி இரண்டில் எது பிந்தியதோ அதிலிருந்து 180 நாள் எண்ண வேண்டும். அந்த 180-வது நாளுக்கு முன்பே பணம் எடுக்கப்பட்டிருக்க வேண்டும். லாஸ் ஏஞ்சலஸ் தீயை எடுத்துக்கொள்வோம். பேரிடர்க் காலம் 2025 ஜனவரி 7 அன்று தொடங்கியது, அறிவிப்பு ஜனவரி 8 அன்று வந்தது, எண் டிஆர்-4856. கடைசி நாள் 2025 ஜூலை 6. விண்ணப்பித்த தேதி செல்லாது, கணக்கிலிருந்து பணம் வெளியேறிய தேதிதான் செல்லும். நிறுவன ஒப்புதலுக்கும் காசோலை வருவதற்கும் நாளாகும் என்பதால் கடைசி இரண்டு வாரத்துக்குத் தள்ளிப்போடாதீர்கள்.

இங்கே ஒரு குழப்பம் அடிக்கடி வருகிறது. பேரிடர்ப் பகுதிகளுக்கு ஐஆர்எஸ் ரிட்டர்ன் தாக்கல் தேதியைத் தள்ளிவைப்பது வழக்கம். லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டத்துக்கு 2025 அக்டோபர் 15 வரை தள்ளிவைத்தது. அது தாக்கலுக்கான அவகாசம் மட்டுமே. அதனால் 10 சதவீத வரி தானாக நீங்கிவிடாது.

எடுக்கும்போது

நிறுவனத்தின் 401(கே) திட்டத்தில் 'பேரிடர் மீட்பு' என்ற பிரிவு இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். அதைச் சேர்ப்பது நிறுவனத்தின் விருப்பம். இருந்தால் கட்டாய 20 சதவீத வரிப் பிடித்தம் கிடையாது. வழக்கமாக 10 சதவீதம் பிடிப்பார்கள், டபிள்யூ-4ஆர் படிவத்தில் அதையும் பூஜ்யமாக்கலாம். ஐஆர்ஏவுக்கும் இதே முறைதான்.

அந்தப் பிரிவு இல்லாவிட்டால் மனம் தளர வேண்டாம். திட்டத்தின் வேறு விதிப்படி, கஷ்டகாலப் பணமாகவோ வேலையை விட்டதாலோ, எடுத்திருந்தாலும் மேலே சொன்ன நிபந்தனைகள் பொருந்தினால் உங்கள் ரிட்டர்னில் அதைப் பேரிடர்ப் பணமாகக் காட்டும் உரிமை உங்களுக்கு உண்டு. 'எங்கள் திட்டத்தில் அது இல்லை' என்று மனிதவளத் துறை சொன்னதும் சலுகையே இல்லை என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அப்படி விட்ட பணம் வீண்தான். நேர்மாறான தவறும் நடக்கிறது: கஷ்டகாலப் பணம் என்ற பெயரில் கொடுத்ததாலேயே 10 சதவீதம் கிடையாது என்று நம்புவது. எடுக்க அனுமதிப்பது திட்டத்தின் விதி, கூடுதல் வரி போடுவது வரிச்சட்டம். ஒன்று மற்றொன்றைக் கட்டுப்படுத்தாது.

பிரிவு இல்லாத திட்டத்திலிருந்து 18,000 டாலர் எடுத்து 20 சதவீதம் பிடித்தால் கையில் வருவது 14,400. பிடித்த 3,600 எங்கும் போகவில்லை, ரிட்டர்னில் செலுத்திய வரியாகக் கணக்கில் வரும். ஆனால் முழுத்தொகையையும் திருப்பிப் போட நினைப்பவர் அந்த 3,600-ஐ வேறு பணத்திலிருந்து தேட வேண்டியிருக்கும்.

படிவம் 8915-எஃப்

விலக்குக் கேட்பது என்பது நடைமுறையில் இந்தப் படிவத்தை ரிட்டர்னோடு இணைப்பதுதான். தலைப்பகுதியில் எந்த வரி ஆண்டு, எந்த ஆண்டுப் பேரிடர் என்று குறித்து, ஃபீமா எண்ணை எழுத வேண்டும். இந்த எண்ணைத் தவறவிடுவதும், பக்கத்து மாநில எண்ணைப் போடுவதும் வழக்கமான பிழைகள். ஒரே புயலுக்கு மாநிலத்துக்கு மாநிலம் எண் வேறு.

எடுத்த பணத்தைக் காட்டி ஜனவரியில் வரும் 1099-ஆர் படிவத்தின் 7-வது கட்டத்தைப் பாருங்கள். அதில் குறியீடு 1 இருந்தால் 'விலக்கு எதுவும் தெரியவில்லை' என்று பொருள். வரி மென்பொருள் அதைப் படித்தவுடன் 10 சதவீதத்தைக் கணக்கிட்டு, ரிட்டர்னில் கூடுதல் வரிகளைக் காட்டும் இணைப்பான ஷெட்யூல் 2-இன் 8-வது வரியில் சேர்த்துவிடும். 1099-ஆரைத் திருத்தித் தரச்சொல்லி நிறுவனத்தோடு மல்லுக்கட்டத் தேவையில்லை. மென்பொருளில் பேரிடர்ப் பணமா என்ற கேள்வி வரும் இடத்தில் ஆம் என்று சொல்லி 8915-எஃப் உருவாகிறதா என்று சரிபார்த்து, அனுப்பும் முன் ஷெட்யூல் 2-ஐ ஒருமுறை திறந்து பாருங்கள். பெரும்பாலோர் பணம் இழப்பது இந்த ஒரு வரியில்தான்.

10 சதவீதம் நீங்கினாலும் வருமான வரி நீங்காது. அதை மூன்று ஆண்டுகளுக்குச் சமமாகப் பிரிப்பதுதான் இயல்பான முறை: 18,000 டாலர் என்றால் ஆண்டுக்கு 6,000. ஒரே ஆண்டில் காட்டவும் தேர்ந்தெடுக்கலாம். பேரிடர் ஆண்டில் வேலை போய் வருமானம் குறைந்திருந்தால் மொத்தத்தையும் அந்த ஆண்டிலேயே காட்டுவது லாபமாக இருக்கும். இரண்டு வழியிலும் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். நீட்டிப்பு உள்ளிட்ட கடைசித் தேதி தாண்டினால் இந்தத் தேர்வை மாற்ற முடியாது. பிரித்துக் காட்டினால் அடுத்த இரண்டு ஆண்டும் 8915-எஃப்-ஐ மறக்காமல் இணைக்க வேண்டும். அதற்குள் வேலையை முடித்துக்கொண்டு ஊர் திரும்பியவர்களும் மிச்சப் பங்குக்கு ரிட்டர்ன் போட வேண்டும். அமெரிக்காவில் வசிக்காதவர்களுக்கான ரிட்டர்னான 1040-என்ஆரோடும் இந்தப் படிவத்தை இணைக்கலாம்.

எடுத்த மறுநாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் முழுவதையோ ஒரு பகுதியையோ திருப்பிப் போடலாம். போட்ட தொகைக்கு வரி இல்லை. 2025 மார்ச்சில் எடுத்தவர், 2026-க்கான ரிட்டர்னைக் காலத்தில் தாக்கல் செய்யும் முன் 6,000 டாலர் திருப்பிப் போட்டால் அந்த ஆண்டுப் பங்கு பூஜ்யமாகும். அதிகமாகப் போட்டால் அடுத்த ஆண்டுக்கு எடுத்துச் செல்லலாம், அல்லது ரிட்டர்னைத் திருத்தும் படிவமான 1040-எக்ஸ் மூலம் முன்பு கட்டிய வரியைத் திரும்பப் பெறலாம். ஐஆர்ஏவில் போடும்போது 'பேரிடர்ப் பணத்தைத் திருப்பிச் செலுத்துகிறேன்' என்று எழுத்தில் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அதை வழக்கமான ஆண்டுச் சந்தாவாகப் பதிந்துவிடுவார்கள். 2025-இல் 50 வயதுக்குட்பட்டவருக்கு அதன் வரம்பு 7,000 டாலர். மீறிய தொகைக்கு ஆண்டுதோறும் 6 சதவீத வரி விழும்.

ஏற்கெனவே 10 சதவீதம் கட்டிவிட்டால்

பேரிடர் ஆண்டின் ரிட்டர்னை 1040-எக்ஸ் மூலம் திருத்தி, விடுபட்ட 8915-எஃப்-ஐ இணையுங்கள். பொதுவாக ரிட்டர்ன் தாக்கல் செய்ததிலிருந்து மூன்று ஆண்டு, வரி கட்டியதிலிருந்து இரண்டு ஆண்டு, இவற்றில் பிந்தியது வரை அவகாசம் உண்டு. கூடுதல் வரி கேட்டு ஐஆர்எஸ்ஸிடமிருந்து சிபி2000 கடிதம் வந்திருந்தால், அதில் அச்சிட்ட தேதிக்குள் 'ஒப்புக்கொள்ளவில்லை' என்று குறித்து, 8915-எஃப்-ஐயும் அறிவிப்பு எண், தேதி, முதன்மை வீட்டு முகவரிக்கான சான்று, இழப்புக்கான சான்று ஆகியவற்றையும் அனுப்புங்கள். வாடகை ஒப்பந்தம், மின்கட்டண ரசீது, காப்பீட்டு நிறுவனக் கடிதம், தேதியோடு கூடிய புகைப்படம், ஓட்டல் ரசீது, வேலைநீக்கக் கடிதம் போன்றவை உதவும். இவற்றை ரிட்டர்னோடு அனுப்ப வேண்டியதில்லை, ஆனால் மூன்றாண்டுப் பங்கின் கடைசி ரிட்டர்னுக்குப் பிறகும் மூன்று ஆண்டு வைத்திருங்கள்.

180 நாள் தாண்டியவர்களுக்கும், பேரிடர் அறிவிக்கப்படாத பகுதியினருக்கும் வழி மிகக் குறுகல். 2024 முதல் அவசரச் செலவுக்கு ஆண்டில் ஒருமுறை 1,000 டாலர் வரை விலக்குண்டு, வருமானத்தில் 7.5 சதவீதத்தைத் தாண்டிய மருத்துவச் செலவுக்கும் உண்டு.

மாநில வரியைத் தனியாகப் பார்க்க வேண்டும். டெக்சஸிலும் ஃபுளோரிடாவிலும் மாநில வருமான வரியே இல்லை. கலிஃபோர்னியாவில் முன்கூட்டி எடுத்த பணத்துக்கு 2.5 சதவீதம் மாநிலத்தின் கூடுதல் வரியாக விழும். அதற்கு 3805பி என்ற தனிப் படிவம் இருக்கிறது. மத்திய ரிட்டர்னில் விலக்கு வாங்கியதை வைத்து மாநில மென்பொருள் தானாக எடுத்துக்கொள்ளும் என்று நம்பாமல், அந்தப் படிவத்தையும் திறந்து பார்த்துவிட்டு அனுப்புங்கள்.