அண்டத்தில் ஏது பணம்?

அமெரிக்க இயற்பியலாளர் ஆலன் கூத் ‘பேரண்டத்தின் பணவீக்கத்தைக்’ கண்டறிந்தார் என்று மீண்டும் ஒரு கட்டுரையில் படித்தேன். ‘காஸ்மிக் இன்ஃப்ளேஷன்’ என்பதை அப்படி மொழிபெயர்த்திருக்கிறார்கள். கூத் ஏதோ ரிசர்வ் வங்கி ஆளுநர் போல!

‘இன்ஃப்ளேஷன்’ இலத்தீனின் ‘இன்ஃப்ளாரே’யிலிருந்து வந்தது. உள்ளே ஊதுதல் என்று பொருள். பணத்துக்கு அது பின்னால் ஒட்டியது. 1979 டிசம்பரில் கூத்துக்கு நிலையான பேராசிரியர் பணிகூட இல்லை. காந்த ஒருமுனைகள் (வடக்கோ தெற்கோ ஒரே முனை மட்டும் கொண்ட துகள்கள்) ஏன் எங்கும் தென்படவில்லை என்று ஸ்டான்ஃபோர்டு நேர்கோட்டு முடுக்கி மையத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவருக்கு, தொடக்ககால அண்டம் கணப்பொழுதில் ஊதிப் பெருத்திருக்க வேண்டும் என்று பட்டது. 1981இல் கட்டுரை வெளிவந்தது.

‘பணவீக்கம்’ வெறும் கவனக்குறைவு, மன்னித்துவிடலாம். யோசித்துச் செய்யும் பிழையைத்தான் பொறுக்க முடியவில்லை: அதே சொல்லுக்கு ‘துரித விரிவாக்கம்’ என்ற மொழிபெயர்ப்பு. முதலில், ‘ஆக்கம்’ எதற்கு? சாலையை விரிவாக்க நெடுஞ்சாலைத் துறை இருக்கிறது. அண்டத்தை யார் விரிவாக்குகிறார்கள்? விரிவு போதாதா? போதாது, ஏனென்றால் ‘விரிவு’ ஏற்கெனவே வேறொன்றின் பெயர்: அண்டம் தொடர்ந்து பெரிதாகிக்கொண்டே போவது. வானியலாளர் ஹபிள் 1929இல் காட்டியதும், இன்றும் நடப்பதும் அதுதான். ‘துரித’ என்று முன்னால் ஒட்டினாலும் தப்ப முடியாது. விரிவின் வேகம் கூடிக்கொண்டே போகிறது என்று 1998இல் தெரியவந்ததே, அதற்கும் இதே பெயர்தானே பொருந்தும்? கூத் சொன்னதோ தொடங்கிய வேகத்தில் முடிந்துபோன கூத்து (பெயர்ப் பொருத்தம் என் குற்றமில்லை). தசமப் புள்ளிக்குப் பின் முப்பதுக்கும் மேற்பட்ட சுழியங்களை எழுதி 1 போட்டால் வரும் நொடிப்பகுதிக்குள் எல்லாம் நடந்துவிட்டது. இரண்டையும் ‘விரிவு’ என்றால் அவர் புதிதாக எதுவும் சொல்லவில்லை என்றாகிவிடும்.

‘அண்டவீக்கம்’ என்பதே சரி. வீக்கம் நோயை நினைவூட்டுகிறதாம். பணம் வீங்கும்போது யாரும் மருத்துவரைத் தேடி ஓடவில்லையே! சிலப்பதிகாரத்தின் மங்கல வாழ்த்திலேயே கடல் ‘வீங்குநீர்’தான். பெருகுதல், பூரித்தல் எல்லாம் வீங்குதலுக்குள் அடக்கம். அகராதியைப் புரட்டாத மொழிபெயர்ப்பாளருக்குத்தான் மூட்டுவலி மட்டும் ஞாபகம் வருகிறது.

வீக்கக் காலம், வீக்கப் புலம், வீக்கத்துக்கு முந்தைய நிலை என்று கிளைச்சொற்களும் தடையில்லாமல் வரும். ‘துரித விரிவாக்கத்துக்கு முந்தைய விரிவு’ என்று ஒருமுறை எழுதிப் பாருங்கள்.