மெகாட்ரானிக்ஸ்: சொல் விளக்கம்

மெகாட்ரானிக்ஸ் என்ற சொல்லுக்கு வயது அதிகமில்லை. 1969இல் ஜப்பானின் யஸ்காவா எலெக்ட்ரிக் நிறுவனப் பொறியாளர் டெட்சுரோ மோரி உருவாக்கியது. மெக்கானிசம் என்பதன் தலையையும் எலக்ட்ரானிக்ஸ் என்பதன் வாலையும் எடுத்து ஒட்டினார். யஸ்காவா மோட்டார் தயாரிக்கும் நிறுவனம். மோட்டாரைச் சுற்றி மின்னணுச் சுற்றுகள் பெருகிவந்த காலம் அது. நிறுவனம் இச்சொல்லை வணிகக்குறியாகப் பதிவு செய்தது, பிற்பாடு உரிமையை விட்டுக்கொடுத்தது. பல்கலைக்கழகங்கள் ஒரு பட்டப்படிப்புக்கே இந்தப் பெயரைத் தயக்கமின்றி வைக்க முடிவது அதனால்தான்.

ஒட்டிய துண்டுகள் இரண்டுக்கும் வேர் கிரேக்கத்தில். மேக்கனே என்றால் கருவி. நாடக மேடையில் தெய்வ வேடமிட்டவரைத் தூக்கி இறக்கிய பாரந்தூக்கிக்கும் அதே பெயர். எலக்ட்ரான் என்றால் அம்பர், அதாவது இறுகிப்போன பழங்கால மரப்பிசின். தேய்த்தால் துரும்பை இழுக்கும் அதன் குணத்திலிருந்து மின்சாரம் பெயர் பெற்றது.

சரி, பொருள் என்ன? எந்திரவியல், மின்னணுவியல், நிரலாக்கம், கட்டுப்பாட்டியல் ஆகியவற்றை ஒரே கருவியின் வடிவமைப்பில் தொடக்கத்திலிருந்தே சேர்த்துச் சிந்திக்கும் பொறியியல். ‘தொடக்கத்திலிருந்தே’ என்பது முக்கியம். எந்திரத்தை முழுசாகச் செய்து முடித்துவிட்டு, அப்புறம் அதன்மேல் ஒரு சுற்றுப்பலகையைத் திருகி வைத்தால் அது மெகாட்ரானிக்ஸ் ஆகாது.

பல்கலைக்கழகத்தில் தொடக்க ஆண்டுகளில் நிலையியல், இயக்கவியல், மின்சுற்று, நிரலாக்கம் எல்லாம் தனித்தனிப் பாடங்களாகத்தான் வரும். ஒன்றுக்கொன்று என்ன உறவு என்பது அப்போது பிடிபடாது. அது விளங்க ஒரு சின்னச் செய்முறை போதும்: ஒரு டிசி (நேர்மின்னோட்ட) மோட்டாரின் தண்டை 90 பாகையில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும்.

மின்சாரம் கொடுத்தால் மோட்டார் சுற்றும். எங்கே நிற்க வேண்டும் என்று அதற்குத் தெரியாது. ஆகவே தண்டு எவ்வளவு திரும்பியது என்பதை மின்துடிப்புகளாகச் சொல்லும் ஓர் என்கோடரைத் தண்டில் பொருத்துகிறோம். அதன் வட்டில் 500 கோடுகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து ஒன்றுக்கொன்று கால் அலை தள்ளி இரண்டு துடிப்பு வரிசைகள் வரும். இரண்டின் ஏற்றத்தையும் இறக்கத்தையும் எண்ணினால் ஒரு சுற்றுக்கு 2000 எண்ணிக்கை. ஓர் எண்ணிக்கை 0.18 பாகை. எந்த வரிசை முந்துகிறது என்பதை வைத்துத் திசையையும் சொல்லிவிடலாம். 90 பாகை என்பது 500 எண்ணிக்கை.

சிறு கணினிச் சில்லான மைக்ரோகண்ட்ரோலர், இருக்க வேண்டிய இடத்திலிருந்து இருக்கும் இடத்தைக் கழித்துப் பிழையைக் கண்டுபிடிக்கிறது. அந்தப் பிழையை ஓர் எண்ணால் பெருக்கி, அதற்கேற்ற மின்னழுத்தத்தை மோட்டாருக்கு அனுப்புகிறது. அந்த எண் சிறியதாக இருந்தால், தண்டு 90ஐ நெருங்கும்போது உராய்வை வெல்ல மின்னழுத்தம் போதாமல் முன்கூட்டியே நின்றுவிடும். பெரிதாக்கினால் 90ஐத் தாண்டி ஓடி, திரும்பி, மறுபடியும் தாண்டி ஆடும். பிழை மாறும் வேகத்தையும் கணக்கில் எடுத்தால் ஆட்டம் அடங்கும். பிழையை நேரத்தோடு கூட்டிக்கொண்டே வந்தால் மிச்சமிருக்கும் பாகையும் தீரும். பிழை, அதன் கூட்டுத்தொகை, அது மாறும் வேகம் மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் பிஐடி கட்டுப்பாடு என்பது இவ்வளவுதான்.

இதில் உராய்வு எந்திரவியல், துடிப்பு மின்னணுவியல், எண்ணுவது நிரல், ஆட்டத்தைக் கணிப்பது வகைக்கெழுச் சமன்பாடு. இடையில் பல்சக்கரம் சேர்த்து, பற்களுக்குள் தளர்வும் இருந்துவிட்டால், தண்டு இலக்கைச் சுற்றி நடுங்கத் தொடங்கலாம். நிரலை நோண்டி ஓரளவு அடக்கலாமே தவிர, அதற்கான மருந்து பல்சக்கரத்தில்தான் இருக்கிறது. நான்கையும் தொடக்கத்திலிருந்தே சேர்த்து யோசிக்கச் சொல்வது இதற்குத்தான்.

மோரி வைத்த பெயரில் எந்திரம் இருக்கிறது, மின்னணு இருக்கிறது. அளந்து, ஒப்பிட்டு, திருத்தும் இந்தப் பின்னூட்டம் இல்லை. துறையின் உயிரே அதுதான் என்பேன்.

தமிழில் இப்போது பரவலாக வழங்குவது ‘இயந்திர மின்னணுவியல்’. இப்படிப் பிரித்து எழுதினால் எந்திரத்துக்கான மின்னணுவியல் என்று பொருள்பட்டு, ஒன்று மற்றொன்றுக்கு அடைமொழியாகிவிடுகிறது. ‘எந்திரமின்னணுவியல்’ என்று சேர்த்து எழுதினால், எந்திரவியலும் மின்னணுவியலும் சமமாக நிற்கும் உம்மைத்தொகையாகக் கொள்ள இடமுண்டு. மாணவர்கள் சேர்த்தே எழுதுவது நல்லது. இலங்கையில் மின்னணுவியலை இலத்திரனியல் என்பார்கள்; அங்கே பின்பாதி அதற்கேற்ப மாறும். யந்திரம் என்ற வடசொல்லின் வேர் ‘யம்’. அடக்குதல், கட்டுக்குள் வைத்தல் என்று பொருள். பெயரில் விடுபட்ட கட்டுப்பாடு வேரிலேயே ஒளிந்திருக்கிறது.

ஆனாலும் என் மனம் ‘பொறி’ பக்கமே சாய்கிறது. பொறி என்றால் எந்திரம். ஐம்பொறி என்னும்போது உணரும் உறுப்பு. எலிப்பொறியிலோ உணர்வதும் செயல்படுவதும் ஒரே இடத்தில். மதுரை மதிலில் இருந்த காவல் கருவிகளை வரிசைப்படுத்தும் சிலப்பதிகாரம் ‘வளைவிற் பொறி’யையும் சொல்கிறது, தானே வளைந்து அம்பு எய்யும் எந்திர வில் என்று அதற்கு உரை. உணர்ந்து தானாக இயங்கும் கருவிக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எது? ‘பொறிமின்னணுவியல்’ என்று சொன்னால், பொறியியல் என்ற சொல்லின் நிழல் விழுந்து சிலருக்குக் குழப்பம் வரலாம். ஓரிரு முறை விளக்கிவிட்டால் தெளிந்துவிடும்.

துணைச்சொற்களில் சென்சாருக்கு ‘உணரி’ நன்றாக நிலைத்துவிட்டது. மோட்டார்போல அசைவை உண்டாக்கும் ஆக்சுவேட்டருக்கு ‘இயக்கி’ என்பதில்தான் சிக்கல். மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து அனுப்பும் டிரைவரையும் இயக்கி என்றே எழுதுகிறார்கள். ஒரே வரைபடத்தில் இரண்டு இயக்கிகள் வந்தால் படிப்பவர் தடுமாறுவார். மோட்டாரை இயக்கி என்றும் டிரைவரை இயக்கிச்சுற்று என்றும் எழுதினால் அந்தத் தொல்லை இல்லை.